லவரான் கண்ட துடிப்பு

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'மலேரியா' என்ற சொல் கொஞ்சம் பிந்தித்தான் அறிமுகமானது. பாடப்புத்தகத்தில் அதற்குப் 'பலுதிஸ்ம்' என்று பெயர். இலத்தீனில் 'பலுஸ்' என்றால் சதுப்பு நிலம். ஆகவே சதுப்பு நிலத்துக் காய்ச்சல் என்று பொருள். இத்தாலிக்காரர்கள் வைத்த 'மலேரியா'வுக்குக் கெட்ட காற்று என்று பொருள். நம் ஊர்ப் பெரியவர்கள் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்றார்கள். இந்த மூன்றில் தப்பில்லாத பெயர் நம்முடையதுதான் என்று எனக்கு ஒரு சிறிய பெருமை உண்டு. மற்றவர்கள் காரணத்தைப் பெயரில் வைத்து மாட்டிக்கொண்டார்கள். நம்மவர்கள் கண்டதை மட்டும் சொன்னார்கள்: குளிரும், முறை வைத்து வரும்.

உண்மையான காரணத்தைக் கண்டவர் யார் என்று கேட்டால் நம்மில் பலரும் ரொனால்டு ராஸ் என்றுதான் சொல்வோம். அவர் கண்டது கொசுவின் பங்கு. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, நோயை உண்டாக்கும் கிருமியைத் தன் கண்ணால் பார்த்தவர் ஒரு பிரெஞ்சு ராணுவ டாக்டர். பெயர் சார்ல் லூயி அல்போன்ஸ் லவரான். அவர் அன்று பார்த்தது ஓர் அசைவு. அந்த அசைவுக்கு என்ன பொருள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உலகத்துக்கு இன்னும் நூற்று முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன். கொஞ்சம் அறிவியல் வரும். பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்லப்போகிறேன்.

லவரான் 1845ல் பாரிஸில் பிறந்தார். அப்பாவும் ராணுவ டாக்டர்தான். அப்பாவின் வேலை காரணமாகச் சிறுவயதில் சில காலம் அல்ஜீரியாவில் வளர்ந்தவர். ஸ்ட்ராஸ்பூரில் மருத்துவம் படித்து முடித்தார். 1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் மெட்ஸ் கோட்டை முற்றுகையில் இருந்தார். பிறகு பாரிஸில் வால் தெ கிராஸ் ராணுவ மருத்துவப் பள்ளியில் பேராசிரியர். 1878ல் அல்ஜீரியாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. முதலில் போன் என்ற துறைமுக ஊர், இன்றைக்கு அதன் பெயர் அன்னாபா. அப்புறம் மலைப்பிளவின் மேல் நிற்கும் கான்ஸ்டன்டீன் நகரத்து ராணுவ மருத்துவமனை.

அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைக்குப் பெரிய எதிரி காய்ச்சல். வார்டு முழுக்கச் சிப்பாய்கள் நடுங்கிக்கொண்டு கிடப்பார்கள். மருந்து இல்லாமல் இல்லை. 1820லேயே பாரிஸில் பெல்த்தியே, கவந்தூ என்ற இருவர் சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். கொய்னா கொடுத்தால் காய்ச்சல் தணியும். ஆனால் எதைக் கொல்வதற்காக அதைக் கொடுக்கிறோம் என்று கொடுக்கிறவருக்கே தெரியாது.

இந்தக் காய்ச்சலில் செத்தவர்களின் மண்ணீரலும் மூளையும் கறுத்துப்போயிருப்பதை லவரானுக்கு முன்பே பல டாக்டர்கள் பார்த்திருந்தார்கள். அந்தக் கறுப்புக்குக் காரணமான துகள்களை இரத்தத்திலும் கண்டிருந்தார்கள். ஆனால் அதை நோயால் உண்டான கசடு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். கண்ணெதிரே இருந்தும் பிடிபடாமல் போனதற்கு ஒரு காரணம், அவர்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் செத்த உடம்பு என்பது. காய்ந்து போனதும், இறந்து போனதும் அசையாது. அசையாததைப் பார்த்து இது உயிர், இது கசடு என்று எப்படிப் பிரிப்பது?

லவரான் உயிரோடிருக்கும் நோயாளியின் விரலைக் குத்தி, வந்த சொட்டைச் சாயம் ஏதும் போடாமல் ஈரமாகவே கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். அவரிடம் இருந்தது சாதாரண நுண்ணோக்கி. 1880 நவம்பர் 6ஆம் தேதி, காய்ச்சலில் கிடந்த ஒரு சிப்பாயின் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புத் துகள்களோடு கூடிய ஓர் உருண்டை. அதன் விளிம்பிலிருந்து நூல் போன்ற வால்கள் திடீரென்று கிளம்பி, சாட்டை போலச் சுழன்று, பக்கத்தில் இருந்த சிவப்பணுக்களை இடித்துத் தள்ளின. கசடு இப்படித் துள்ளாது. இது உயிருள்ள பிராணி என்பதில் அவருக்கு அந்த நிமிடமே சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து.

அதே மாதம் 23ஆம் தேதி பாரிஸ் மருத்துவ அக்காதெமியில் அவருடைய குறிப்பு வாசிக்கப்பட்டது. யாரும் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. அது பாக்டீரியாவின் காலம். எந்த நோய்க்கும் ஒரு பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. 1879ல்தான் கிளெப்ஸ், தொம்மாசி குருதெலி என்ற இரண்டு பெரிய மனிதர்கள் ரோம் நகரத்துப் புறநிலங்களிலிருந்து ஒரு பாக்டீரியாவை எடுத்து, மலேரியாவுக்குக் காரணம் இதுதான் என்று அறிவித்திருந்தார்கள். அந்த நேரத்தில் அல்ஜீரியாவிலிருந்து ஒரு ராணுவ டாக்டர் 'வால் முளைத்த பிராணி' என்று எழுதினால் யார் கேட்பார்கள்? அரசு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலிடம் ஒரு கோப்பில் முடிவு எழுதி முடித்த பிறகு, கீழே இருக்கிறவன் வைக்கும் குறிப்புக்கு என்ன மதிப்பு!

அவர் விடவில்லை. 1882ல் ரோமுக்கே போய், அங்கிருந்த நோயாளிகளின் இரத்தத்திலும் அதே பிராணியைக் கண்டார். 1884ல் வால் தெ கிராஸில் லூயி பாஸ்தேரை (பாஸ்டர் என்று நம் புத்தகங்கள் எழுதும்) உட்காரவைத்து நுண்ணோக்கியில் காட்டினார். வால்கள் துள்ளுவதைப் பார்த்ததும் பாஸ்தேர் ஒப்புக்கொண்டார். அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் இத்தாலிக்காரர் கோல்ஜி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் காய்ச்சலுக்கும், இரண்டு நாள் விட்டு வரும் காய்ச்சலுக்கும் காரணம் சொன்னார். கிருமி சிவப்பணுவுக்குள் பெருகி, ஒரு கெடு முடிந்ததும் எல்லாம் ஒன்றாக அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த நேரத்தில்தான் குளிர் எடுக்கிறது. நம் முன்னோர்கள் 'முறை' என்று சொன்னது இதுதான்.

இந்த முறையை நான் நேரில் பார்த்தவன். என் பெரியப்பா ஒருவர் சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்தவர். பென்ஷனும் கொண்டுவந்தார், காய்ச்சலும் கொண்டுவந்தார். நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். மாதக்கணக்கில் நன்றாக இருப்பார். ஒரு மத்தியானம் திடீரென்று பல் அடிக்கும். வீட்டில் இருக்கும் கம்பளி, ஜமக்காளம் எல்லாவற்றையும் பெரியம்மா அவர் மேல் போட்டு, அதற்கு மேல் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். கட்டில் ஆடும். அப்புறம் உடம்பு கொதிக்கும், வேர்த்துக் கொட்டும், ஓய்ந்துவிடும். மறுநாள் எழுந்து திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார். "நாளைக்கு வரும்" என்று பெரியம்மா சொல்வார். சொன்னபடி வரும். கொய்னா கசப்பு தாங்காமல் வெல்லத்தைக் கேட்பார். எட்டுக் கடல் தாண்டி வந்த பிறகும் அது ஏன் விடவில்லை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. காட்டுப் பேய் கூடவே வந்துவிட்டது என்று பாட்டி சொல்வார். மலேரியாக் கிருமியில் சில வகைகள் கல்லீரலுக்குள் புகுந்து மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தூங்கிக் கிடந்து மறுபடி எழும் என்று பின்னாளில் படித்தபோது, பாட்டி சொன்னது பாதி சரிதான் என்று தோன்றியது. ஏதோ ஒன்று கூடவே வந்துதான் இருந்தது.

கல்லீரலுக்கு அது எப்படிப் போகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் லவரான் கண்ட வால்களின் கதையை முடித்துவிடலாம்.

லண்டனில் இருந்த பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் அந்த வால்களைப் பற்றி யோசித்தார். உடம்பிலிருந்து எடுத்தவுடன் பார்த்தால் வால்கள் தெரிவதில்லை. இரத்தம் வெளியே வந்து சில நிமிடங்கள் ஆன பிறகுதான் கிளம்புகின்றன. அப்படியானால் இது மனித உடம்புக்கு வெளியே நடக்க வேண்டிய வேலை. இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்வது யார்? கொசு. 1894ல் விடுப்பில் வந்திருந்த ராஸுக்கு மேன்சன் இந்த வால்களைக் காட்டி, இந்தியா போனதும் கொசுவைத் தேடச் சொன்னார். சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்தவர் ராஸ். 1897ல் ஊட்டிக்குக் கீழே சிகூர் பகுதியில் தேடப் போய், தானே மலேரியாவில் விழுந்து எழுந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில், நோயாளியைக் கடித்த அனோபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைக் கண்டார். அதே 1897ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மக்கல்லம் என்ற மருத்துவ மாணவர், காக்கையின் இரத்தத்தில் இருந்த இதன் உறவுக் கிருமியில், ஒரு வால் அறுந்து நீந்திப்போய் இன்னொரு உருண்டைக்குள் நுழைவதைப் பார்த்தார். வால் என்பது ஆண் விந்து, அது தேடிப்போனது பெண் அணு என்று விளங்கியது. லவரான் 1880ல் கண்டது ஒரு கல்யாணத்தின் தொடக்கம். கொசுவின் வயிற்றில் நடக்க வேண்டியது, இரத்தம் ஆறிப்போனதால் கண்ணாடித் தகட்டிலேயே நடந்துவிட்டது.

சரி, அது ஏன் அசைகிறது என்பது தெரிந்தது. எதைக் கொண்டு அசைகிறது? இதற்கு விடை முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்தது.

வைட்டமின் சி ஆராய்ச்சிக்காக 1937ல் நோபல் பரிசு பெற்ற சென்ட் ஜார்ஜி என்பவர், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம் ஹங்கேரியின் செகெட் நகரில் தசைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தசையில் மயோசின் என்ற புரதம் இருப்பது முன்பே தெரியும். அதனோடு இன்னொரு புரதமும் சேர்ந்தால்தான் தசை சுருங்குகிறது என்று அங்கே கண்டார்கள். 1942ல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ராவ்ப் என்பவர் அதைத் தனியே பிரித்து எடுத்தார். அதுதான் ஆக்டின். ஆக்டின் மணிகள் ஒன்றோடொன்று கோர்த்துக் கயிறு போல நீளும். மயோசின் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்கும். நாம் கை மடக்குவது, நடப்பது, நம் இதயம் துடிப்பது எல்லாம் இந்த இழுப்புதான். பின்னால் பார்த்தால் ஈஸ்ட், செடி, அமீபா என்று எல்லாவற்றிலும் ஆக்டின் இருந்தது. மலேரியாக் கிருமியிலும் இருந்தது.

கொசு கடிக்கும்போது நம் தோலுக்குள் இறங்கும் கிருமி, ஊசி போல மெலிந்து, சுமார் பத்து மைக்ரோமீட்டர் நீளம் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு மைக்ரோமீட்டர். அதற்குக் காலும் இல்லை, வாலும் இல்லை, மண்புழு போல உடம்பைச் சுருக்கி நீட்டுவதும் இல்லை. ஆனாலும் நொடிக்கு ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். தன் உடம்பு நீளத்தைப் பத்து நொடிக்குள் கடந்துவிடும். இப்படித் தோலுக்குள் ஊர்ந்து, இரத்தக் குழாயைத் துளைத்து உள்ளே போய், கல்லீரலில் இறங்குகிறது. பெரியப்பாவுக்குள் குடியேறியதும் இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும்.

எப்படி வழுக்குகிறது? தென்னை மரம் ஏறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தைக் கட்டிப் பிடித்த கை மரத்திலேயே நிற்கும். அவர் கையைக் கீழ்நோக்கி அழுத்த, உடம்பு மேலே போகும். கிருமியும் தன் மேல்தோலில் பசை போன்ற சில புரதங்களை நீட்டி எதிரே இருப்பதைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பசை, தோலுக்கு உள்பக்கம் இருக்கும் ஆக்டின் கயிறோடு இணைந்திருக்கிறது. உள்ளே நிலையாகப் பதிந்திருக்கும் மயோசின் கயிற்றைப் பின்னால் தள்ளுகிறது. பிடி நகராது, ஆகவே கிருமி முன்னால் போகிறது. வால்பக்கம் வந்ததும் பசையை அறுத்து விட்டுவிட்டு, முன்பக்கம் புதுப் பிடி போடுகிறது.

இதில் ஒரு விசித்திரம். கிருமியின் ஆக்டின் ஏறக்குறைய நம்முடையதைப் போன்றதுதான், சுமார் நூற்றுக்கு எண்பது பங்கு ஒன்றாகவே இருக்கும். ஆனால் நம் தசையில் ஒரு ஆக்டின் கயிறு ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு நீளும். உறுதியாகவும் நிற்கும். கிருமியின் கயிறோ அதில் பத்தில் ஒரு பங்குதான். கட்டியவுடன் அவிழ்ந்துவிடும். அவசரத்துக்குக் கட்டி, வேலை முடிந்ததும் கலைக்கிற சாரம் மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் புதுப் பிடி போட வேண்டிய பிராணிக்கு இதுவே வசதி போலிருக்கிறது.

சிவப்பணுவுக்குள் நுழைவதற்கும் ஆக்டின் வேண்டும். ஒரு சிவப்பணு உடைந்து வெளியே வரும் குட்டிக் கிருமி, ஒரு நிமிடத்துக்குள் அடுத்ததில் புகுந்துவிடும். 1979ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஆக்டின் கயிறு நீளவிடாமல் தடுக்கும் சைட்டோகலாசின் என்ற பொருளைக் கிருமிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமி சிவப்பணுவிடம் போனது, தலைப்பக்கத்தை ஒட்டவைத்தது, அப்படியே நின்றுவிட்டது. வாசல்படியில் காலை வைத்துவிட்டு உள்ளே வர முடியாத விருந்தாளி போல.

இனி லவரானின் வால்களுக்கு வருகிறேன். மலேரியாக் கிருமியிடம் இரண்டு வகை ஆக்டின் உண்டு. ஒன்று எல்லாப் பருவத்திலும் வேலை செய்வது. இரண்டாவது, ஆண் பெண் பருவத்திலும் கொசுவுக்குள் இருக்கும்போதும் மட்டும் வருவது. 2011ல் கிரீட் தீவிலுள்ள ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள், எலிகளுக்கு வரும் மலேரியாக் கிருமியில் இந்த இரண்டாவது ஆக்டினை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். ஆண் அணு வழக்கம்போல விழித்தது. தன் மரபுப் பொருளைப் பெருக்கவும் செய்தது. ஆனால் சாட்டை வெளியே வரவில்லை. தன்னைச் சுற்றியிருந்த சிவப்பணுவின் உறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. வாலைச் சுழற்றுவது டியூபுலின் என்ற வேறு புரதத்தின் வேலை. ஆனால் சிறையிலிருந்து வெளியே வரவும், சுழற்சி தொடங்கவும் அந்த ஆக்டின் இருந்தாக வேண்டும். 1880 நவம்பரில் அந்தச் சிப்பாயின் இரத்தத்தில் அது இல்லாமலிருந்தால், லவரான் பார்த்திருக்கப் போவது பழைய கறுப்புத் துகள்களைத்தான். அவருக்கு முன்பிருந்தவர்களைப் போல அவரும் நுண்ணோக்கியை மூடி வைத்திருக்கலாம்.

இந்த ஆக்டினை முடக்க ஒரு மாத்திரை செய்தால் மலேரியா ஒழியாதா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். அவனுடைய கயிறும் நம்முடைய கயிறும் உறவு. அவனுக்கு வைக்கும் விஷம் நம் இதயத் தசையையும் பிடிக்கக் கூடாது. இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அப்படி ஒரு மருந்து இதுவரை கடைக்கு வரவில்லை. உலகத்தில் இன்றும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் மலேரியாவில் சாகிறார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கா, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆகவே இது சும்மா பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

ராஸுக்கு 1902லேயே நோபல் பரிசு கிடைத்துவிட்டது. லவரானுக்கு 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த பணத்தில் பாதியை, பாரிஸ் பாஸ்தேர் நிறுவனத்தில் வெப்பமண்டல நோய்களுக்கான ஆய்வுக்கூடம் அமைக்கக் கொடுத்தார். 1922ல் இறந்தார். ஆக்டின் என்ற பெயர் பிறக்க அப்போது இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

இன்றைக்கும் ஒரு புது மருந்து, மலேரியா மனிதரிடமிருந்து கொசுவுக்குப் போவதைத் தடுக்குமா என்று பார்க்க ஒரு சோதனை செய்கிறார்கள். ஆண் கிருமிகள் உள்ள இரத்தத்தில் மருந்தைக் கலந்து, சூட்டைக் கொஞ்சம் குறைத்து, நுண்ணோக்கியில் வைத்து, பதினைந்து, இருபது நிமிடம் காத்திருக்கிறார்கள். வால்கள் கிளம்பித் துள்ளினால் மருந்து தோற்றது. எதுவும் அசையாவிட்டால், அந்த மருந்தை அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறார்கள்.